இன்னொரு பழம் எங்கே? ஒரு கால் நொடிக் கணக்கு

1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியைத் தமிழ் வாசகருக்கு விவரிக்க வேண்டியதில்லை. கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்றால், "அந்த இன்னொண்ணுதாண்ணே இது."

மொழியியல்படி பார்த்தால் செந்தில் சொல்வதில் தப்பே இல்லை. 'இன்னொன்று' என்ற சொல்லுக்குச் சொந்த விலாசம் கிடையாது. எதை முதலில் 'ஒன்று' என்று வைத்துக்கொள்கிறோமோ, அதற்கு அடுத்தது இன்னொன்று. கவுண்டமணி கையில் இருக்கும் பழத்திலிருந்து எண்ணுகிறார். செந்தில் வயிற்றுக்குள் போனதிலிருந்து எண்ணுகிறார். தொடங்கும் இடம் வேறு என்பதால் எத்தனை முறை கேட்டாலும் கணக்கு ஒத்துப்போகாது. அமெரிக்காவின் அபாட்–காஸ்டெல்லோ ஜோடியின் புகழ்பெற்ற பேஸ்பால் உரையாடலும் இதே பொறியில்தான் ஓடுகிறது. அங்கே ஓர் ஆட்டக்காரரின் பெயரே 'ஹூ', அதாவது 'யார்'. முதல் பேஸில் யார் என்று காஸ்டெல்லோ கேட்க, ஆமாம், யார்தான் என்கிறார் அபாட்.

சரி, இந்த விளக்கம் முதல் தடவை சிரித்ததற்குப் போதும். இரண்டாம் தடவை கேட்கும்போதே பதில் என்னவென்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அப்புறமும் ஏன் சிரிப்பு கூடுகிறது? இதற்கு நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2009-இல் ஓர் ஆய்வுக்குழு பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று அளந்தது. சராசரி ஏறக்குறைய 200 மில்லிநொடி, கால் நொடிக்கும் குறைவு. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒற்றைச் சொல்லை மூளை தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே சுமார் 600 மில்லிநொடி ஆகிறது. அப்படியானால் எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். வாக்கியம் எங்கே முடியும், கேள்வியா இல்லையா என்பதை மூளை ஊகித்தபடியே இருக்கிறது. தமிழ் மாதிரி வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் மொழிகளில் இந்த ஊகம் கஷ்டமாக இருக்குமே என்று தோன்றலாம். அந்தப் பத்தில் மிக வேகமாகப் பதில் வந்த மொழி ஜப்பானியம். அதிலும் வினை கடைசியில்தான்.

பதில் தாமதமானால் கேட்பவர் உடனே உஷாராகிவிடுவார். கடன் கேட்ட நண்பர் ஒரு நொடி பேசாமல் நின்றாலே 'இல்லை' என்று காதில் விழுந்துவிடுகிறது அல்லவா? திருடியவனும் தயங்க வேண்டும். செந்தில் பாத்திரம் தயங்குவதில்லை. நியாயமானவன் பதில் சொல்லும் வேகத்திலேயே சொல்கிறது. சொல் ஒரு பக்கம் இழுக்க, நேரம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. அந்த முரண் நமக்கு உறைப்பதற்குள் கவுண்டமணியின் முகம் மாறிவிடுகிறது.

என்னைக் கேட்டால், பாராட்டில் கவுண்டமணிக்குப் போகும் பங்கு சரியான பங்குதான், ஆனால் காரணம்தான் தப்பு. அவர் திட்டுவது மட்டும் நகைச்சுவை இல்லை. அவர்தான் கடிகாரம். ஜப்பானின் இருவர் மேடை நகைச்சுவையான மன்சாயில் இந்த வேலைக்குத் தனிப்பெயரே உண்டு. கோணலாகப் பேசுபவர் 'போக்கே', அதை உடனே பிடித்துத் திருத்துபவர் 'த்சுக்கோமி'. பல சமயம் தலையில் ஒரு தட்டும் விழும். திருத்துபவரின் குறுக்கீடுதான் பார்வையாளருக்கு 'இங்கேதான் கோணல்' என்று காட்டித் தருகிறது. அபாட்டும் இந்த வேலையைத்தான் செய்தார். ஆரம்ப நாட்களில் வருமானத்தில் 60 பங்கு அவருக்கு, சிரிப்பு வாங்கிய காஸ்டெல்லோவுக்கு 40 என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடி உதைக்குச் சிரிப்பது ஏன் என்பதற்கு உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஏதோ ஒரு விதி மீறப்பட வேண்டும், அதே நேரம் யாருக்கும் ஆபத்தில்லை என்றும் நமக்குத் தெரிய வேண்டும். உதை வாங்கிய செந்தில் அடுத்த காட்சியில் "அண்ணே" என்று வந்து நிற்பார் என்பது நமக்குத் தெரியும். அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் காமெடி அங்கேயே செத்துவிடும்.

1984-இன் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கு எப்படி எரிகிறது என்று கேட்டபடியே செந்தில் மேண்டிலை உடைத்துவிடுவார். அதன் அறிவியல் இது: தோரியம், சீரியம் உப்புகளில் ஊறிய துணிதான் மேண்டில். முதல் முறை எரிந்ததும் துணி போய்விடும், ஆக்சைடுக் கூடு மட்டும் மிஞ்சும். வெளிச்சம் தருவதும் அந்தக் கூடுதான், விரல் பட்டால் உதிர்வதும் அதுதான். 84-இல் தியேட்டரில் இருந்தவர்களுக்கு இது தெரியும் என்பதால் விரல் நீளும்போதே சிரிப்பு கிளம்பியிருக்கும். என் அக்கா மகன் பெட்ரோமாக்ஸை நேரில் பார்த்ததே இல்லை. போன வாரம் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். மேண்டில் உடைந்தபோது சும்மா இருந்தான். கவுண்டமணி முகத்தைக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுத்தான் கேட்டான், "மாமா, மேண்டில்னா என்ன?"