"நார்மல்னு நீங்கதானே சார் எழுதிக் கொடுத்தீங்க?"

நாற்பத்தெட்டு வயது. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியிருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. என்னிடம் கொண்டுவரும்போது வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சு இல்லை, பிரஷர் 230/130. சி.டி. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம், ஆழத்தில், நெல்லிக்காய் அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. ரத்தக்கசிவு.

அவர் மனைவி ஒரு மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்த ஆறு அட்டை மாத்திரை. ஒன்று மட்டும் பாதி தீர்ந்திருந்தது, மற்ற ஐந்தும் பிரிக்கவே இல்லை. கூடவே பழைய சீட்டு. 128/82 என்று என் கையெழுத்து, பக்கத்தில் 'நார்மல்'.

"நார்மல்னு நீங்கதானே சார் எழுதிக் கொடுத்தீங்க? அதான் நிறுத்திட்டாரு."

அந்தம்மா கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. இந்த வருஷம் இது எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் உடம்புக்குள் பிரஷரைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று அவசர வேலைக்கு. கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் வளைவிலும் உணர்விகள் இருக்கின்றன. நீங்கள் பாயிலிருந்து எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. மூளைக்குப் போவது குறையுமே என்று நீங்கள் கவலைப்படுவதற்குள் இந்த உணர்விகள் சேதி அனுப்பி, துடிப்பைக் கூட்டி, குழாய்களைச் சுருக்கி, சரிசெய்துவிடும். எல்லாம் சில வினாடிகளில். இன்னொன்று நீண்ட கால நிர்வாகம். அதைப் பார்ப்பது சிறுநீரகம். எவ்வளவு உப்பையும் தண்ணீரையும் வெளியே விடுவது என்று தீர்மானிப்பதன் மூலம் பிரஷரை எந்த மட்டத்தில் வைப்பது என்று அதுதான் முடிவுசெய்கிறது. ஹார்மோன் சங்கிலியெல்லாம் இங்கே வேண்டாம். உங்கள் மாத்திரைகளில் பாதி அந்தச் சங்கிலியில் எங்கேயோ ஒரு கண்ணியைப் பிடித்துத்தான் வேலை செய்கின்றன என்று தெரிந்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், பிரஷர் வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் இந்த உணர்விகள் அதற்குப் பழகிவிடும். முள் நகர்ந்துபோன தராசு மாதிரி. 160 இருந்தாலும் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றுதான் சேதி போகும். அதனால்தான் உங்களுக்கு "ஒண்ணும் செய்யலை". மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரம் லேசாகத் தலை சுற்றுவதும் இதனால்தான். உடம்பு 160-ஐ வீடாக்கிக்கொண்டது, நாம் 130-க்கு இறக்குகிறோம், அது முனகுகிறது. "மாத்திரை போட்டாத்தான் டாக்டர் தலை சுத்துது, போடலன்னா நல்லா இருக்கேன்" என்று சொல்லாத நோயாளி எனக்குக் கிடைத்ததில்லை. பெரும்பாலும் சில வாரத்தில் பழகிவிடும். பழகவில்லை என்றால் வந்து சொல்லுங்கள், அளவை மாற்றலாம். நீங்களே நிறுத்தாதீர்கள்.

இப்போது அந்த 'நார்மல்' விஷயத்துக்கு வருகிறேன். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது.

காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டோம், கிருமி செத்தது, நிறுத்தினோம். அது ஒரு கணக்கு. பிரஷருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இங்கே சாக ஒரு கிருமி இல்லை. குழாயின் விறைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஏறிய பிரஷரில்தான் உப்பை வெளியே விடுவேன் என்கிற சிறுநீரகத்தின் பிடிவாதமும் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை அந்தப் பிடிவாதத்தைத் தினமும் 24 மணி நேரம் இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். சீட்டில் இருக்கும் 128 உங்கள் பிரஷர் இல்லை ஐயா, மாத்திரையோடு சேர்ந்த பிரஷர். மாடு பயிரில் வாய் வைக்கவில்லை, திருந்திவிட்டது என்று கயிற்றை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? அதேதான்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஆம்லோடிபின் போன்ற மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்தி இரண்டு நாள் கழித்து மெடிக்கல் ஷாப்பில் பார்ப்பீர்கள், 130 இருக்கும். "பாத்தியா, மாத்திரை இல்லாமலே நார்மல்" என்று மச்சானிடம் சொல்வீர்கள். மச்சானும் நிறுத்துவார். அடுத்தடுத்த வாரங்களில் அது ஏறும்போது யாரும் பார்க்க மாட்டீர்கள். வேறு சில மாத்திரைகள் இந்த அவகாசம்கூடத் தராது. குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறிப் பாயும். அட்டெனலால், மெட்டோபிரலால் வகையை நெஞ்சுவலிக்காரர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் மாரடைப்பே வரலாம்.

எடை குறைத்து, உப்பைக் குறைத்து, தினமும் நடந்து, அதனால் மாத்திரையைக் குறைத்தவர்கள் என்னிடமே இருக்கிறார்கள். ஒருவருக்கு முழுசாகவே நிறுத்தினேன். ஆனால் படிப்படியாக, அளந்து அளந்து. அந்த முடிவை வாட்ஸ்அப் எடுக்கவில்லை.

மாத்திரையே இல்லாத காலம் எப்படி இருந்தது தெரியுமா? அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு வருஷக்கணக்கில் ரத்த அழுத்தம் இருந்தது. உருப்படியான மருந்து அன்று கிடையாது. 1945 ஏப்ரல் 12 அன்று ஓவியத்துக்காக உட்கார்ந்திருந்தவர், பின்மண்டை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். டாக்டர் அளந்தபோது மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்தது, கீழ் அளவு 190. மூளையில் ரத்தக்கசிவு. வயது 63. அவருக்குக் கிடைக்காதது உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறீர்கள்.

"மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்." போகாது. கட்டுப்படாத பிரஷரில்தான் போகும். கிட்னி மேல் அவ்வளவு அக்கறை என்றால், மூட்டுவலிக்குச் சீட்டே இல்லாமல் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக்கை நிறுத்துங்கள். அது பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும்.

"உப்பை விட்டுட்டு இந்துப்புக்கு மாறிட்டேன் டாக்டர்." அம்மா, இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மட்டும்தான் வேறு. நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிஷம் உட்காருங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். சட்டைக்கை மேல் பட்டையைச் சுற்ற விடாதீர்கள். பேசாதீர்கள். (மாமியாரைப் பற்றி நிச்சயமாகப் பேசாதீர்கள்.) ஒருவேளை மாத்திரை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். வாந்தி, பேதி என்று படுத்துவிட்டால் போன் செய்து கேளுங்கள். சில மாத்திரையை அந்த இரண்டு நாள் நிறுத்தச் சொல்வோம். ராத்திரி எழுந்திருக்கும் பெரியவர்கள் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து நில்லுங்கள்.

வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் 108-க்குப் போன் போடுங்கள். சோடா கொடுக்காதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். ஸ்ட்ரோக் மாத்திரை என்று எதையும் வாயில் போடாதீர்கள். அடைப்பா கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

பட்டறைக்காரர் பிழைத்துக்கொண்டார். வலது கை இன்னும் வரவில்லை. பிசியோதெரபிக்கு வரும்போது என் அறைக்கும் வருகிறார். போன தடவை 126/80 இருந்தது. பழக்கதோஷத்தில் 'நார்மல்' என்று எழுதப்போனேன். அடித்துவிட்டு 'மாத்திரையோடு' என்று எழுதினேன். எல்லாச் சீட்டிலும் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

அடுத்த தடவை வரும்போது மீதி மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்து வாங்க. எண்ணிப் பார்ப்பேன், திட்ட மாட்டேன். கொஞ்சம் திட்டுவேன்.