எது எதைத் தொடுகிறது? புரதத்துக்குள் ஒரு கணக்கு

ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பைப் புரதத் தரவு வங்கியிலிருந்து தரவிறக்கித் திறந்தால் கண்ணில் படுவது வெறும் எண்கள்தான். வரிக்கு ஓர் அணு. அந்த அணுவின் பெயர், அது எந்த அமினோ அமிலத்தைச் சேர்ந்தது, எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூன்று எண்கள். நடுத்தர அளவுப் புரதத்துக்கே இப்படி ஆயிரக்கணக்கான வரிகள் வந்துவிடும். 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய அந்த வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. இந்த எண் குவியலிலிருந்து எதையாவது புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: எந்த அமினோ அமிலம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது?

புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் கோத்த சங்கிலி. வரிசையில் எங்கோ கிடப்பவை, சங்கிலி மடங்கும்போது பக்கத்தில் வந்து அமர்கின்றன. செரிமான நொதியான கைமோட்ரிப்சினில் வினையை நடத்துபவை மூன்று: 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம், 195ஆம் இடத்து செரின். வரிசையை மட்டும் படிப்பவருக்கு இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. மடிந்த புரதத்தில் மூன்றும் ஒட்டி நின்று புரோட்டானைக் கைமாற்றிக்கொள்கின்றன. தொடுகைகளைப் பட்டியலிட்டால் இந்த உறவு உடனே தெரிந்துவிடும்.

ஆனால் எதைத் தொடுகை என்று சொல்வது? அணுக்களுக்குக் கறாரான ஓரம் கிடையாது. ஆகவே ஆய்வாளர்தான் ஒரு தூரத்தை வரம்பாக வைக்கிறார், அதைப் பல விதமாக வைக்கலாம். இரு அமினோ அமிலங்களில் ஹைட்ரஜன் அல்லாத ஏதேனும் இரு அணுக்கள் 4.5 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடுகை என்பது ஒரு முறை. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரை ஆயிரம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு.) இன்னொரு முறை இன்னும் சிக்கனமானது: ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் பீட்டா கார்பன் என்ற ஒரே அணுவை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே தூரம் 8 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவா என்று பார்ப்பது. கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி (அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் வேறுபடும் கிளை) இல்லாததால் அதற்கு மட்டும் ஆல்ஃபா கார்பன். புரத அமைப்பைக் கணிக்கும் போட்டிகளில் நெடுங்காலம் பயன்பட்டது இந்த வரையறைதான்.

எல்லா அமினோ அமிலங்களிலும் இருக்கும் முதுகெலும்பு அணுவான ஆல்ஃபா கார்பனை விட்டுவிட்டு ஏன் பீட்டா? பக்கச் சங்கிலி கிளம்பும் திசையை பீட்டா கார்பன் காட்டிக்கொடுக்கும் என்பதால். இரண்டு ஆல்ஃபா கார்பன்கள் நெருங்கி இருந்தும் பக்கச் சங்கிலிகள் எதிரெதிர்ப் பக்கம் திரும்பி நிற்கலாம். அவற்றுக்குள் பேச்சுவார்த்தையே இருக்காது. மறுபக்கம், அர்ஜினினின் பக்கச் சங்கிலி நீளமானது. பீட்டா கார்பன்கள் 9, 10 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருந்தாலும் அதன் நுனி எட்டி ஒரு குளுட்டமிக் அமிலத்தைப் பிடித்துவிடும். 8 ஆங்ஸ்ட்ராம் விதி இந்த உறவைத் தவறவிட்டுவிடும். எந்த வரம்பும் முழுச் சரியல்ல. எதைத் தேடுகிறோமோ அதற்கு ஏற்றதை எடுக்க வேண்டும். மருந்து மூலக்கூறு ஒட்டும் குழியைப் பற்றிப் பேசும் ஆய்வில் பீட்டா கார்பன் தூரத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

வரம்பு முடிவானதும் வேலை சுலபம். 150 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் என்றால் 150 நிரை, 150 நிரல் உள்ள சதுரக் கட்டம் போடுங்கள். தொடும் ஜோடிக்குப் புள்ளி, தொடாததற்கு வெற்றிடம். மொத்தம் 11,175 ஜோடிகள். பெரும்பாலானவை வெற்றிடமாகவே இருக்கும். ஓர் அமினோ அமிலத்தைச் சுற்றி இடம் கொஞ்சம்தான் என்பதால், புரதம் இரு மடங்கு நீண்டால் ஜோடிகள் நான்கு மடங்காகும், தொடுகைகளோ ஏறத்தாழ இரு மடங்கோடு நின்றுவிடும். அடுத்தடுத்து இருப்பவை எப்படியும் தொட்டுக்கொண்டிருப்பவை (அவற்றின் ஆல்ஃபா கார்பன்களுக்கிடையே 3.8 ஆங்ஸ்ட்ராம்தான்). அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழகிய கண்ணுக்கு இந்தப் படம் உருவத்தைக் காட்டும். ஆல்ஃபா சுருளில் (சங்கிலி திருகுபோல் முறுக்கிக்கொள்ளும் பகுதி) ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றும் நான்கு இடம் தள்ளி இருப்பதோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இணைகிறது. எனவே மூலைவிட்டத்தை ஒட்டியே ஒரு தடித்த பட்டை விழும். பீட்டா இழைகள் (சங்கிலி நீண்டு கிடக்கும் பகுதிகள்) இரண்டு பக்கத்தில் பக்கமாக ஒரே திசையில் ஓடினால் மூலைவிட்டத்துக்கு இணையான கோடு, எதிர்த் திசையில் ஓடினால் அதற்குச் செங்குத்தான கோடு. சுருளோடு சுருள் உரசும் இடத்தில் தொடர்கோடு வராது. சுருளின் ஒரு பக்கம் மட்டுமே எதிராளியைப் பார்ப்பதால் மூன்று நான்கு இடத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் விட்டுவிட்டு விழும்.

கட்டத்திலிருந்து உருவத்தைத் திரும்பக் கட்ட முடியுமா? பெருமளவு முடியும். சாலை வரைபடங்களின் பின்னால் ஊர்களுக்கிடையே தூர அட்டவணை இருக்குமே, அதை மட்டும் வைத்து ஊர்களின் இருப்பிடங்களைத் தாளில் குறித்துவிடலாம். கிழக்கும் மேற்கும் இடம் மாறி இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. தொடுகைக் கட்டத்துக்கும் அதே குறை உண்டு. ஓர் உருவத்துக்கும் அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கும் கட்டம் ஒன்றே. உயிரினங்கள் புரதத்தில் கோக்கும் அமினோ அமிலங்கள் இடக்கை வகை, அதனால் ஆல்ஃபா சுருள் வலப்பக்கம் முறுக்கிக்கொள்ளும் என்ற வேதியியல் அறிவை வெளியிலிருந்து கொண்டுவந்துதான் சரியான உருவத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

யார் யாரைத் தொட விரும்புகிறார்கள் என்பதும் எண்ணிப் பார்த்தால் தெரியவரும். 1985இல் மியசாவாவும் ஜெர்னிகனும் அதுவரை தெரிந்த அமைப்புகளில் எந்த வகை எந்த வகையோடு எத்தனை முறை சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, அதிலிருந்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் ஆற்றல் மதிப்பைக் கணக்கிட்டார்கள். லூசின், ஐசோலூசின், வேலின், பினைல்அலனின் போன்ற, தண்ணீரை வெறுப்பவை உள்ளே ஒன்றோடொன்று நெருக்கி அடைந்துகொள்கின்றன. எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை உப்புப் பாலமாக இணைகின்றன. இந்த விருப்பத்தை ஒரே இடத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் நோயைவிடத் தெளிவான சான்று இல்லை. ஹீமோகுளோபினின் 574 அமினோ அமிலங்களில், இரண்டு பீட்டா சங்கிலிகளிலும் 6ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வேலின் அடுத்த ஹீமோகுளோபினில் 85ஆம் பினைல்அலனினும் 88ஆம் லூசினும் அமைக்கும் குழியில் போய்ப் பொருந்துகிறது. இருந்திருக்கக் கூடாத ஒரு தொடுகை. அதுவே திரும்பத் திரும்ப நிகழ்ந்து நீண்ட நார்கள் உருவாகி, சிவப்பணு வளைந்துபோகிறது.

மடியும் வேகத்துக்கும் தொடுகைக்கும் தொடர்பு உண்டு. தொடும் ஜோடிகள் வரிசையில் சராசரியாக எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கணக்கிட்டு அதைப் புரதத்தின் நீளத்தால் வகுத்தார்கள் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் ஆகிய மூவர் (1998). சிறிய புரதங்களில் இந்த எண் கூடக்கூட மடிதல் மெதுவாகிறது. தொலைவில் உள்ளவை ஒன்றையொன்று கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும் என்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அவ்வளவு சிக்கலான நிகழ்வு இவ்வளவு எளிய எண்ணுக்குக் கட்டுப்படுகிறதே என்பதில்தான் எனக்கு வியப்பு.

இதுவரை சொன்னது அமைப்பு தெரிந்த புரதங்களுக்கு. தெரியாத புரதங்களுக்குத் தொடுகையைப் பரிணாமம் சொல்லிவிடும். ஒரே புரதத்தின் பல உயிரினப் பதிப்புகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் ஜோடியில் ஒன்று பெரிதாக மாறியிருந்தால் மற்றது சிறிதாகி இடம்விட்டிருக்கும். ஒன்றின் மின்னூட்டம் புரண்டிருந்தால் மற்றதும் புரண்டிருக்கும். சேர்ந்து மாறுபவை தொட்டுக்கொண்டிருக்கலாம். 1990களிலேயே இதை முயன்றார்கள். ஆனால் முதலாவது இரண்டாவதைத் தொட, இரண்டாவது மூன்றாவதைத் தொட, முதலாவதும் மூன்றாவதும் தொடாமலேயே சேர்ந்து மாறுவதுபோல் தோன்றும். இந்தப் போலித் தொடர்புகள் கணக்கைக் கெடுத்தன. புள்ளியியல் இயற்பியலிலிருந்து வந்த முறைகள் 2009க்கும் 2011க்கும் இடையே நேரடித் தொடர்பை மறைமுகத் தொடர்பிலிருந்து பிரித்துக் காட்டியபோது கதவு திறந்தது. 2018இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டின் முதல் பதிப்பு, தொடுகிறதா இல்லையா என்ற கேள்வியை விட்டுவிட்டு ஒவ்வொரு ஜோடிக்கும் தூரத்தையே கணித்தது; 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு பல புரதங்களுக்குச் சோதனைக்கு நெருங்கிய துல்லியத்தை எட்டியது. 2024இன் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய ஹஸாபிஸ், ஜம்பர் இருவருக்கும், மறுபாதி புரத வடிவமைப்புக்காக மேலே சொன்ன அதே பேக்கருக்கும் போனது.

தொடுகைப் பட்டியலை நம்பும்போது சில இடங்களில் கவனம் தேவை. எக்ஸ்ரே படத்தில் அஸ்பராஜினின் நுனியில் இருக்கும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துப் பார்ப்பது கடினம். கோப்பில் அவை இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுப்பது யார், வாங்குவது யார் என்பதே தலைகீழாகிவிடும். அதேபோல், எக்ஸ்ரே படமெடுப்பதற்காகப் புரதத்தைப் படிகமாக்கி அடுக்கியதால் மட்டும் பக்கத்து மூலக்கூறோடு உரசுகிற இடங்களைச் செல்லுக்குள் உள்ள உறவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பரிணாமக் கணக்கு பலமாகச் சொல்லும் ஒரு ஜோடி, அமைப்பில் 20 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கும். கணக்கு தவறு என்று ஒதுக்கும் முன் அந்தப் புரதம் தன்னைப் போன்ற இன்னொன்றோடு ஜோடி சேருமா என்று பார்ப்பது நல்லது. ஒரு சங்கிலிக்குள் எட்டாத அந்த இருவர் இரண்டு சங்கிலிகள் சேரும் இடத்தில் எதிரெதிரே நிற்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.