உல்லையிலும் பாசிக்குடாவிலும் வீட்டறையை வாடகைக்கு விடுவதற்கு முன்

அறுகம்பே என்றும் சொல்லப்படும் பொத்துவில் உல்லையில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கினால் வீட்டின் முன்னறையைக்கூட யாராவது கேட்டு வருவார்கள். பாசிக்குடா, கல்குடாப் பக்கத்திலும் இதே கதைதான். இரண்டு அறைகளைத்தானே விடுகிறோம், இதற்கென்ன பதிவு என்று பலர் நினைக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணியைத் தங்கவைத்தால், அறை ஒன்றானாலும் அது சுற்றுலாத் தொழில்தான். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் அதைப் பதிய வேண்டும். புக்கிங் டொட் கொம், ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் வீடு தெரிவதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பிரதேச சபை என்ன சொன்னது என்று அந்தத் தளங்கள் பார்ப்பதில்லை.

முதலில் எந்த வகையில் பதிவது என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் குடும்பத்தோடு அதே வீட்டில் இருந்துகொண்டு சில அறைகளை மட்டும் விட்டால் அது ஹோம்ஸ்டே. நீங்கள் வேறிடத்தில் இருந்துகொண்டு முழு வீட்டையும் கொடுத்தால் வாடகை வீடு அல்லது பங்களா என்ற வகைக்குள் வரும். மட்டக்களப்பு நகரில் இருந்துகொண்டு கல்குடா வீட்டை ஹோம்ஸ்டே என்று விண்ணப்பித்தால், பார்வையிட வரும் அலுவலர் வீட்டுக்காரர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.

விண்ணப்பங்கள் கொழும்பில் தேங்குகின்றன என்பது பொதுவான குறை. பெரும்பாலும் அவை தேங்குவது காணிப் பத்திரத்தில். நம் பகுதியில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. காணி உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். வியாபாரப் பெயர்ப் பதிவு, வங்கிக் கணக்கு, விண்ணப்பம் எல்லாம் கணவரின் பெயரில் இருக்கும். அங்கேயே முடிச்சு விழுந்துவிடும். உறுதி யார் பெயரில் உள்ளதோ அவர் பெயரிலேயே எல்லாவற்றையும் செய்வதுதான் சுலபம். அது முடியாவிட்டால் நொத்தாரிசு முன்னிலையில் முறையான குத்தகை உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய சம்மதக் கடிதம் போதாது. நன்கொடை உறுதியாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: பெற்றோர் தங்கள் ஆயுட்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும்.

ஒப்பக் காணி என்றால் சிக்கல் பெரிது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கிடைத்த காணி குடியிருக்கவும் பயிர் செய்யவும் தரப்பட்டது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அதைக் கைமாற்றினால் செல்லாது. அதில் அறைகள் கட்டி விடுவதென்றால் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடுகளிலும் பத்திரம் கைக்கு வந்துவிட்டதா, எந்த வகைப் பத்திரம் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடற்கரை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரம் பேணல் சட்டப்படி சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடர்புள்ள ஆறு, களப்பு இருந்தால் அந்த வலயம் அவற்றின் வழியாக இன்னும் உள்ளே போகும். கடல் கண்ணுக்கே தெரியாத களப்போர வளவும் அதற்குள் விழலாம். இந்த வலயத்துக்குள் கட்டடம் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. கிடுகால் வேய்ந்த கபானா என்ற சிறு குடிலும் கட்டடமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடம்தான். அனுமதியில்லாமல் கட்டியதை அகற்றும்படி திணைக்களம் அறிவித்தல் ஒட்டலாம். ஆகவே புதிய கபானாவுக்குக் கம்பு நடும் முன்பே விண்ணப்பியுங்கள்.

இனிப் பிரதேச சபை. உல்லைக்குப் பொத்துவில், பாணமைக்கு லகுகல, பாசிக்குடாவுக்கு கோறளைப்பற்று. மட்டக்களப்பு நகருக்குள் என்றால் மாநகர சபை. வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும், கட்டி முடிந்த பின் தரும் இணக்கச் சான்றிதழும் உங்களிடம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரைபடம் எடுத்துவிட்டு, பின்னால் சேர்த்த இரண்டு அறைகளுக்கு எடுக்காமல் விடுவது வழமை. பயணிகள் தங்கப்போவது பெரும்பாலும் அந்த இரண்டு அறைகளில்தான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் படுக்கை விரிப்பை விட மலக்குழியைத்தான் பார்ப்பார். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்தே அளந்து பாருங்கள். கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது. நான்கு பேருக்குக் கட்டிய குழியைப் பத்துப் பேர் பாவித்தால், கோடையில் ஒன்றும் தெரியாது. வாடைக்காற்று மழையில் குழி நிரம்பி வழியும், கிணற்றுத் தண்ணீரும் கெடும். அறைக்குக் குளியலறை சேர்க்க முன் குழியைப் பெருப்பியுங்கள். தங்குபவர்களுக்கு மட்டும் காலைச் சாப்பாடு கொடுப்பது ஒன்று. வீதியால் போகிறவருக்கும் விற்றால் அது உணவகம். அதற்குத் தனி வியாபார அனுமதி எடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, உறுதி அல்லது குத்தகைப் பிரதி, வரைபடம், இணக்கச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபையின் வியாபார அனுமதி, சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, பொலிஸ் அறிக்கை. எல்லாவற்றிலும் பெயரும் விலாசமும் ஓரெழுத்து மாறாமல் இருக்கட்டும். ஒன்றில் ‘உல்லை’, இன்னொன்றில் ‘அறுகம்பே’, மூன்றாவதில் பழைய வீட்டிலக்கம் என்றிருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தல் கடிதம் எடுத்து இணையுங்கள். அதிகாரசபையின் தலைமையகம் கொழும்பு 3, காலி வீதி, 80ஆம் இலக்கத்தில் உள்ளது, தகவலுக்கு 1912. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பதிந்தால் வரி வந்துவிடும் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அறைகள், பருவத்தில் 100 இரவுகள், இரவுக்கு 6,000 ரூபாய் என்றால் வரவு 12 இலட்சம். தளத்தின் தரகு 15 வீதம் என்றால் அதில் 1,80,000 செலவாகக் கழியும். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வருமான வரியில் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை விலக்கு உண்டு. வேறு வருமானம் இல்லாதவருக்கு இங்கே வருமான வரியே வராது. ஆனால் ஆசிரியர் சம்பளம் வாங்குபவர் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இது தவிர, பதிந்த நிறுவனத்தின் மொத்த வரவில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரி இருக்கிறது. பிரதேச சபையும் முந்திய ஆண்டு வரவில் 1 வீதம் வரை அனுமதிக் கட்டணமாக அறவிடலாம். மேலே சொன்ன கணக்கில் ஒவ்வொன்றும் 12,000 ரூபாய்தான். பயப்படும் அளவுக்குப் பெரிய தொகையல்ல. வரவு செலவை எழுதி வைக்காதவருக்குத்தான் தொல்லை.

நடத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. தங்குபவரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், விசா முடியும் திகதி, வந்த நாள், போன நாள் ஆகியவற்றைக் கொப்பியில் பதியுங்கள். பொலிஸார் முதலில் கேட்பது அதைத்தான். பியர் விற்கக் கலால் அனுமதி வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ‘பில்லில் சேர்ப்பதும்’ விற்பனையே. வீட்டு மோட்டார் சைக்கிளை நாள் வாடகைக்குக் கொடுத்தால், சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி விபத்துக்குக் கை கொடுக்காது. சுற்றுலா விசாவில் வந்தவர் பருவம் முழுவதும் வீட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தானே நடத்துகிறேன் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த விசாவில் தொழில் செய்ய முடியாது. பிரச்சினை வந்தால் அவர் விமானம் ஏறிவிடுவார், விசாரணைக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

அலுவல்களைத் தொடங்க நல்ல காலம் பருவம் முடிந்த ஒக்டோபர். உறுதி, வரைபடம், குழி வேலைகளை அப்போதே ஆரம்பித்தால் ஏப்ரலுக்கு முன் பார்வையிடல் முடிய வாய்ப்பிருக்கிறது. வியாபார அனுமதி மட்டும் டிசம்பர் 31உடன் காலாவதியாகும். அதை நவம்பரில் எடுத்தால் ஜனவரியில் மறுபடியும் கட்ட நேரும், ஜனவரியிலேயே எடுங்கள். அதே மாதம் 31ஆம் திகதிக்குள் சபைக்குரிய வீட்டு வரியான சோலைவரியை முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 வீதம் கழிவும் உண்டு.