பூஞ்சண அரிசியும் நுரையீரல் புற்றுநோயும்

"டொக்டர், இதைப் பாருங்கோ. கான்சர் கலத்துக்குச் சக்தி குடுக்கிறதை அடைச்சால் கட்டி வளராதாம். அப்பாவுக்கு இந்த மருந்தை எடுக்கலாமோ?"

கிளினிக்கில் மகள் கைபேசியை நீட்டினார். பக்கத்தில் அப்பா, மடியில் எக்ஸ்ரே உறை. நாற்பது வருஷச் சுருட்டு. வலக்கை விரல்கள் இரண்டிலும் மஞ்சள் ஏறியிருந்தது.

செய்தி பொய்யில்லை. நமக்கு வேண்டிய சக்தியை ஏ.ரீ.பி. என்ற மூலக்கூறாகச் செய்து தருவது, கலங்களின் சக்தி நிலையமான இழைமணிக்குள் சுழலும் ஏ.ரீ.பி. சின்தேஸ் என்ற நொதியம். குட்டி மோட்டர் என்றே சொல்லலாம். அது எப்படி இயங்குகிறது என்று விளக்கிய போயருக்கும் வோக்கருக்கும் 1997இன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உள்ளே இருக்கவேண்டிய இந்த மோட்டர், சில புற்றுநோய்க் கலங்களின் வெளிச்சவ்விலும் இருக்கிறது. 2012இல் தாய்வான் ஆய்வாளர்கள் அதை சிட்ரியோவிரிடின் என்ற பொருளால் அடைத்துப் பார்த்தார்கள். சரியாக மடியாத புரதங்கள் கலத்துக்குள் குவிந்தன, பெருக்கம் தளர்ந்தது. எலிகளில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய்க் கட்டியும் மெதுவாகவே வளர்ந்தது.

ஆனால் சிட்ரியோவிரிடின் என்பது, அரிசியை மஞ்சளாக்கிக் கெடுக்கும் ஒரு பூஞ்சணத்தின் நஞ்சு. யப்பானில் இதயத்தைத் தாக்கிய ஒருவகை பெரிபெரி நோய்க்கு இதையும் காரணமாகச் சொன்னார்கள். (மாரியில் பூஞ்சணம் பிடித்த அரிசியை என் அம்மா கோழிக்குக்கூடப் போடமாட்டார்.) வெளியில் இருக்கும் மோட்டரை அடைக்கப்போய், இதயத்திலும் நரம்பிலும் உள்ளே ஓடும் அதே மோட்டரையும் நிறுத்திவிட்டால் என்ன செய்வது? சிக்கல் அங்கேதான். எலிக்குக் கொடுத்ததை இவருக்கு எழுதிக்கொடுக்க என்னால் முடியாது.

"அப்ப ஒண்டும் இல்லையோ?"

இருக்கிறது. கட்டியில் துணுக்கு எடுத்துப் பார்த்து, ஈ.ஜி.எப்.ஆர். மரபணுவில் மாற்றம் இருந்தால் அதற்கென்றே குளிசைகள் இருக்கின்றன. அதைவிட எனக்கு அவசரமான கேள்வி வேறு.

"ஐயா, இருமல் எப்ப தொடங்கினது?"

"பனம்பழக் காலத்தில."

இப்போது தை மாதம். இடையில் இரண்டு போத்தல் பாணி மருந்து குடித்திருக்கிறார். சளியில் இரத்தம் வந்ததா என்று கேட்டேன். மகளை ஒருதரம் பார்த்துவிட்டு, "மார்கழியில கொஞ்சம்" என்றார். மகளுக்கு அது புதுச் செய்தி.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும். இரத்தம் கண்டால் அன்றைக்கே வரவேண்டும். காசநோயாக இருந்தாலும் அதுவும் பிந்தக்கூடாத விஷயம்தானே.

தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். சுருட்டை விடச் சொன்னேன்.

"அதில்லாமல் காலமை வெளிக்குப் போகாது டொக்டர்."

அதற்குக் கைவசம் மருந்து இருந்தது. கடிதத்தின் கீழேயே எழுதிக்கொடுத்தேன்.