தொட்டால் விரியும் படம்: லைட்பாக்ஸ் வேலை செய்யும் விதம்

இணையப் பக்கத்தில் சிறுபடத்தைத் தொட்டதும் பின்னணி இருண்டு, அதே படம் நடுவில் பெரிதாக விரிகிறதே, அதன் பெயர் லைட்பாக்ஸ். 2005-இல் லோகேஷ் தாகர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் பெயர்தான் பிறகு இந்த வகைக்கே பொதுப்பெயர் ஆனது. இன்று இதற்குத் தனி நிரல் தொகுப்பு வேண்டியதில்லை. பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் மொழியில், பக்கத்தின்மேல் தனிப் பெட்டியைத் திறக்கும் டயலாக் (dialog) குறியே போதும். 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 வந்ததிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது இயங்குகிறது.

முதல் வேலை ஜாவாஸ்கிரிப்ட் அல்ல. சிறுபடத்தைச் சாதாரண லிங்க்குக்குள் வைத்து, பெரிய படத்தின் முகவரியை அதில் கொடுங்கள். ஸ்கிரிப்ட் ஓடாமல் போனாலும் படம் திறக்கும். மவுஸ் இல்லாமல் டேப் விசையில் நகர்பவருக்கும் வழி இருக்கும். டிவ் (div) என்ற வெறும் பெட்டிக் குறியில் கிளிக்கை மாட்டினால் இரண்டுமே போய்விடும்.

பிறகு பக்கத்தின் கடைசியில் ஒரே ஒரு டயலாக். அதற்குள் ஓர் இமேஜ் குறி, ஒரு மூடும் பொத்தான். லிங்க்கைக் கிளிக் செய்ததும் அதன் இயல்பான செயலைத் தடுத்து, முகவரியையும், படத்தைச் சொற்களில் சொல்லும் ஆல்ட் (alt) விவரத்தையும் இமேஜ் குறிக்கு மாற்றி, டயலாக்கைத் திறக்கும் ஷோமோடல் (showModal) என்ற கட்டளையை அழையுங்கள். கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்தவர் புதிய டேபைக் கேட்கிறார்; அவரைத் தடுக்காதீர்கள்.

இங்கே ஷோமோடலுக்குப் பதில் வெறும் ஷோ (show) கட்டளையை அழைத்தால் பாதிப் பயன் கிடைக்காது. பழைய முறையில், எது மேலே நிற்கும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் (z-index) எண்ணை 9999 என்று ஏற்றியும் மெனு பட்டை படத்தின்மேல் வந்து உட்காரும். காரணம், நகர்த்தவோ சுழற்றவோ பயன்படும் டிரான்ஸ்ஃபார்ம் (transform) விதி உள்ள ஒரு பெட்டி தனி அடுக்காகிவிடுகிறது. அதற்குள் இருக்கும் எண் எவ்வளவு பெரிதானாலும் அந்தப் பெட்டியைத் தாண்டிச் செல்லாது. ஷோமோடலோ டயலாக்கைப் பக்கத்தின் எல்லா அடுக்குகளுக்கும் மேலே, பிரவுசரே வைத்திருக்கும் உச்ச அடுக்கில் ஏற்றுகிறது. எஸ்கேப் விசையில் மூடுவதும், பின்னால் உள்ளவற்றைத் தொட முடியாமல் செய்வதும், மூடியதும் ஃபோகஸை, அதாவது விசைகள் செயல்படும் இடத்தை, பழைய லிங்க்குக்கே திருப்புவதும் கூடவே வரும்.

படத்துக்கு உச்ச அகலம் 90விடபிள்யூ (90vw, திரை அகலத்தில் 90 சதவீதம்), உச்ச உயரம் 90விஹெச் (90vh, திரை உயரத்தில் 90 சதவீதம்) கொடுத்தால் திரைக்குள் அடங்கும். உள்ளே இருப்பவற்றை வரிசைப்படுத்தும் டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் (display: flex) விதியை மட்டும் டயலாக்கில் நேரடியாக எழுதாதீர்கள். மூடிய நிலையிலும் அது பக்கத்தில் தெரியும். ஓபன் என்ற பண்பு இருக்கும்போது மட்டும் பொருந்துமாறு எழுதுங்கள்.

இரண்டாவது படத்தைத் திறந்ததும் முதல் படம் ஒரு கணம் மின்னி மறைகிறதா? புதியது இறங்கும்வரை பிரவுசர் பழையதையே காட்டுகிறது. மூடும்போதே இமேஜ் குறியில் படத்தின் முகவரி இருக்கும் எஸ்ஆர்சி-யை (src) நீக்கிவிட்டால் சரியாகும்.

இருண்ட பகுதியைத் தொட்டால் மூட வேண்டுமா? அங்கே விழும் கிளிக் டயலாக்கின் பெயரிலேயே வரும். அதனால் கிளிக்கின் இலக்கு டயலாக்கேதானா என்று பார்த்து மூடலாம். ஆனால் டயலாக்கின் பேடிங்கை (padding, உள்ளோர இடைவெளி) பூஜ்யமாக்குங்கள். இல்லையேல் படத்தின் ஓரத்தில் விரல் பட்டாலும் மூடிக்கொள்ளும்.

திரையில் 800 பிக்சல் அகலத்தில் காட்டும் படம், பிக்சல் அடர்த்தி 2 உள்ள (ஒரு பிக்சல் அகலத்துக்கு இரண்டு திரைப் புள்ளிகள்) போனில் கூர்மையாகத் தெரிய 1600 பிக்சல் வேண்டும். பக்கம் திரையில் எந்த அளவில் காட்டப்பட வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் (viewport) வரியில் விரலால் பெரிதாக்குவதைத் தடை செய்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.