ஊற்றாமலே ஏறும் ஆயில்

எஞ்சின் ஆயில் குறைந்தால் கவலைப்படுவோம். கூடினால்? யாரும் ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறுவது துகள் வடிகட்டி உள்ள டீசல் கார்களில் நடக்கிற விஷயம்தான். தொட்டியில், தாவர எண்ணெயிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ செய்யும் பயோடீசல் அதிகம் கலந்திருந்தால் அது கூடுதலாகவே நடக்கும்.

புகைக்குழாயில் இருக்கும் அந்த வடிகட்டி, தேனடை போன்ற ஒரு பீங்கான் கட்டி. அதன் நுண்குழாய்களில் ஒன்றின் முன்வாயும் அடுத்ததன் பின்வாயும் அடைத்திருக்கும். எனவே புகை சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும். கரி உள்ளேயே தங்கும். நெடுந்தூரம் ஓடினால் புகையின் சூட்டிலேயே கரி எரிந்துவிடும். பக்கத்துத் தெருவரை போய்த் திரும்பும் காருக்கு அந்தச் சூடு வாய்க்காது. அப்போது, எரிதல் முடிந்து பிஸ்டன் இறங்கும் வேளையில், பல கார்கள் சிலிண்டருக்குள் இன்னொரு முறை எரிபொருளைப் பீய்ச்சும். அது ஆவியாகிப் புகையோடு போய், வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியில் எரிந்து, சூட்டை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்கு உயர்த்தும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆவியாகாத துளிகள் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் இறங்கும். டீசலும் இப்படித்தான் இறங்கும். ஆனால் அது சுமார் 180 முதல் 360 டிகிரி வரை கொதிக்கும் பல பொருள்களின் கலவை. இலகுவான பகுதி சூடான ஆயிலிலிருந்து மெல்ல ஆவியாகிவிடும். பயோடீசலின் பெரும்பகுதி கொதிக்க 330 டிகிரியாவது வேண்டும். வந்தது தங்கிவிடும். ஆயிலை நீர்க்க வைப்பதோடு, நாளடைவில் ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகவும் பிசுக்காகவும் மாறும்.

வேடிக்கை என்னவென்றால், வடிகட்டிக்குப் பயோடீசல் பிடித்தமானது. அதன் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். அதனால் கரி குறைவு. உண்டாகும் கரியும் குறைந்த சூட்டிலேயே எரியும். தயாரிப்பில் எஞ்சும் சோடியமும் பொட்டாசியமும்தான் அதற்கு ஆகாதவை. அவை எரியாத சாம்பலாக அடைத்துக்கொள்ளும். ஐரோப்பியத் தர அளவு இரண்டும் சேர்த்துக் கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான். சொந்தமாகக் காய்ச்சிய பயோடீசலை இதனால்தான் நான் நம்புவதில்லை.

சில கார்களில் இந்தக் கூடுதல் எரிபொருளைப் புகைக்குழாயிலேயே பீய்ச்சுகிறார்கள், ஆயில் தப்பிக்கிறது. ஐரோப்பிய டீசல் தரம் அனுமதிக்கும் 7 சதவீதக் கலப்பைக் கணக்கில் வைத்தே அங்கே விற்கும் கார்களை வடிவமைக்கிறார்கள். அதற்கு மேல் கலப்பதானால் கையேட்டைப் பார்க்க வேண்டும். ஆயிலையும் சீக்கிரமாக மாற்ற வேண்டும். ஆயில் மட்டம் பார்க்கும் அளவுகோலின் மேல்கோட்டைத் தாண்டிய ஆயிலை விட்டுவைக்கக் கூடாது. அது காற்றுக்குழாய் வழியே எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டால் அதுவே எரிபொருளாகிவிடும். பிறகு சாவியைத் திருகினாலும் எஞ்சின் நிற்காது.