தே-ஓ நிறத்தில் போனால் அது சூடு இல்லை

சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகும் நிலையில் என்னிடம் வந்தவர்களில், இந்த வருஷத்தில் இது நான்காவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கிளினிக்குக்கு ஒரு பையன் வந்தான். வயது 22, தொழிற்சாலையில் வேலை. நண்பர்களோடு பந்தயம் கட்டி, ஜிம்முக்குப் போன முதல் நாளே 300 முறை உட்கார்ந்து எழுந்திருக்கிறான். மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார முடியாமல் என் முன்னால் நின்றான். அவன் கேட்டது மருந்து இல்லை, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று). "சிறுநீர் எப்படிப் போகுது தம்பி?" என்றேன். அம்மா முந்திக்கொண்டார். "தே-ஓ மாதிரி போகுது டாக்டர். உடம்புச் சூடு. நேத்துலேர்ந்து இளநீதான் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

வாய்ப்புண்ணா, சூடு. கண் எரிச்சலா, சூடு. முகப்பருவும் சூடுதான். இந்த ஒரு சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை எந்த டாக்டருக்கும் கிடையாது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும், ஒப்புக்கொள்கிறேன். நிறையத் தண்ணீர் குடித்தால் சில மணி நேரத்தில் வெளுத்துவிடும். இது மஞ்சள் இல்லை, பழுப்பு. சிலருக்குக் கோப்பி-ஓ போலவே இருக்கும். அந்த நிறம் அவன் தொடையிலிருந்து வந்தது.

"அப்போ ரத்தமா டாக்டர்?" ரத்தமும் இல்லை. ஆட்டுக்கறி கழுவும்போது சிவப்புத் தண்ணீர் வருகிறதே, அதை ரத்தம் என்று நினைத்துத்தானே பத்துத் தரம் அலசுகிறீர்கள்? ரத்தம் பெரும்பாலும் வெட்டும்போதே வடிந்துவிடும். மிச்சமிருக்கும் சிவப்பு தசைக்கே சொந்தமானது. அதன் பெயர் மயோகுளோபின். கோழியில் நெஞ்சுக்கறி வெளுத்தும் தொடைக்கறி கறுத்தும் இருப்பது இதனால்தான். கோழி நாள் முழுக்க நடக்கிறது, பறப்பதோ எப்போதாவது. ஓயாமல் உழைக்கும் தசைக்கு இந்தப் புரதம் நிறைய வேண்டும்.

ரத்தத்தில் இருப்பது ஹீமோகுளோபின். தோட்டத்தில் ஆள் ஏற்றும் லோரி மாதிரி, நான்கு இருக்கைகள். நுரையீரலில் முதல் ஆக்சிஜன் ஏறுவதற்குத்தான் தயக்கம், ஒன்று ஏறிவிட்டால் மற்றவை மளமளவென்று ஏறிக்கொள்ளும். உழைத்துச் சூடேறி அமிலம் கூடிய தசைப் பக்கம் வந்ததும் இறக்கிவிடும். (இங்கே நிஜமாகவே சூடு ஒரு வேலை செய்கிறது, ஆனால் நீங்கள் சொல்லும் சூடு இல்லை.) மயோகுளோபினுக்கு ஒரே இருக்கை. வாங்கிய ஆக்சிஜனை லேசில் விடாது. தசையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போனால்தான் கையைத் திறக்கும். சேமிப்புக் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தசைக்குள் இருக்கும்வரை அது நல்ல பிள்ளை. பழக்கமில்லாத கடும் வேலையில் தசைநார்கள் சிதைந்தால் ரத்தத்தில் கொட்டும். ஹீமோகுளோபினில் ஏறக்குறைய கால்வாசி அளவே உள்ள சின்னப் புரதம் என்பதால் சிறுநீரகத்தின் வடிகட்டியில் நுழைந்து, உள்ளே இருக்கும் நுண்குழாய்களை அடைத்து நாசமாக்கும். 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் கால் நசுங்கி, மீட்கப்பட்ட பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தவர்களைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். இடிந்து விழக் கட்டடம் வேண்டியதில்லை, பந்தயமே போதும்.

என்னிடம் வருவதற்கு முன் இந்தப் பையன் வேறொரு கிளினிக்குக்கும் போயிருக்கிறான். சிறுநீரில் பரிசோதனைக் குச்சியை நனைத்துப் பார்த்து, 'ரத்தம்' என்று காட்டியதால் கிருமி என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குச்சிக்கு ஹீமோகுளோபினும் ஒன்றுதான், மயோகுளோபினும் ஒன்றுதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு ஒன்றுகூட இருக்காது. என்னைப் போன்ற டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் அடுத்த முறை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

இப்போது இளநீருக்கு வருகிறேன். சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் கொட்டுகிறது. அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். அம்மா பாசத்தோடு கொடுத்தது எரிகிற அடுப்புக்கு இன்னொரு விறகு. மூட்டு வலிக்கு வாங்கி வைத்த மாத்திரையை எடுத்துப் போடுவது அதைவிட மோசம், சிறுநீரகத்தை அது நேரடியாகவே தாக்கும்.

ஜிம்முக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வாரம் அடக்கி வாசியுங்கள். உச்சி வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். குடித்துவிட்டு இரவெல்லாம் ஒரே பக்கமாக அசையாமல் கிடந்தவருக்கும் இது வரும், எழுந்ததும் கை வீங்கியிருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காரணமில்லாமல் தசை வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். தசை வலியோடு சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், அதுவும் காத்திருக்கும் நோய் இல்லை. தயவுசெய்து, கழிவறையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு தரம் குனிந்து பாருங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வந்து காட்டுங்கள், நான் பார்க்காததா?

பையனை ஈப்போவில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஐந்து நாள் டிரிப் ஏற்றினார்கள், சிறுநீரகம் தப்பியது. நேற்று அம்மா நன்றி சொல்ல வந்தார், கையில் இரண்டு இளநீர். "இது உங்களுக்குத்தான் டாக்டர், அவனுக்கு இல்லை" என்றார்.